கிறிஸ்துமஸ் சிவப்பும் தெருவிளக்கும்: ட்ரெண்டுப் பூ வீட்டில் ஏன் பூப்பதில்லை?

“அந்தச் செடி நமக்கு ராசியில்ல.” குமரி மாவட்டத்தில் பூச்செடி வளர்க்கும் எந்த வீட்டிலும் இந்த வார்த்தை ஒருமுறையாவது வந்து போயிருக்கும். நர்சரியில் இலை தெரியாமல் பூத்து நின்ற செடி வீட்டுக்கு வருகிறது. இரண்டு வாரத்தில் அந்தப் பூ உதிர்கிறது. அதன் பிறகு வருஷம் ஒன்றானாலும் வெறும் இலைதான். பழி முதலில் கைராசிமேல் விழும், அடுத்து நர்சரிக்காரர்மேல். கடைசியில் கடலைப் பிண்ணாக்கைக் கரைத்துக் கரைத்து ஊற்றி, இருக்கிற வேரையும் அழுகவைத்துக் கதையை முடிப்போம்.

இரண்டு தனித்தனி விஷயங்கள் இதில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு பூ திடீரென்று எல்லார் வீட்டுக்கும் ஏன் வருகிறது என்பது மனுஷர் சமாச்சாரம். வந்த பூ எந்த முற்றத்தில் நிலைக்கும் என்பது செடியின் சமாச்சாரம். சுலபமானதை முதலில் பார்த்துவிடலாம்.

பூவுக்கு ஃபேஷன் வரும் வழி

தீபாவளிக்குத் தீபாவளி சேலைக்குப் புதுப் பேர் வருகிற மாதிரிதான் செடிக்கும். ஆந்தூரியம் ஒரு காலம், தாய்லாந்து யூஃபோர்பியா ஒரு காலம், அடினியம் ஒரு காலம். 2020 ஊரடங்கில் பத்துமணிப்பூவும் பிளாஸ்டிக் டப்பில் வளர்க்கும் தாமரையும் வீடு வீடாகப் பரவின. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. மலையாளத் தோட்ட வீடியோவைப் புரிந்துகொள்ள இங்கே பலருக்கும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். கேரளத்தில் கிளம்பும் செடி ஆசை எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்ட அதிக நாள் எடுப்பதில்லை.

ஃபேஷனாக ஒரு செடிக்கு மூன்று தகுதி வேண்டும்: போட்டோவில் எடுப்பாக விழவேண்டும், பார்சலில் சாகாமல் போய்ச் சேரவேண்டும், சீக்கிரம் பெருகவேண்டும். மூன்றிலும் பத்துமணி முழு மார்க் வாங்கும். விரல் நீளக் கம்பு போதும், பத்து நிறத்தை ஒரே கவரில் தபாலில் அனுப்பலாம். அது சீக்கிரம் மவுசு இழந்ததற்கும் அதே காரணம்தான். எல்லார் வீட்டிலும் வந்த பிறகு கம்பு வாங்க ஆளில்லை.

அழகு என்ற பேரில் நாம் எதை வேண்டுமானாலும் விரும்புவோம் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1630-களில் நெதர்லாந்தில் துலிப் கிழங்குக்குப் பைத்தியம் பிடித்தது போல விலை ஏறி, 1637 பிப்ரவரியில் ஒரேயடியாக விழுந்தது. அன்றைக்கு எல்லாரும் ஏங்கியது இதழில் தீச்சுடர் போலக் கோடு ஓடிய துலிப்புக்குத்தான். அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ்தான் அந்தக் கோட்டைப் போட்டது என்பது மூன்று நூற்றாண்டு கழித்துத்தான் தெரியவந்தது. கிழங்கை வருஷத்துக்கு வருஷம் மெலியவைக்கும் நோய்க்குத்தான் அவ்வளவு விலை!

தோவாளைப் பூச்சந்தைப் பக்கம் இந்தக் காற்று அவ்வளவாக வீசுவதில்லை. பிச்சி, மல்லி, கிரேந்தி, சம்பங்கி, அரளி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, கொழுந்து என்று பட்டியல் பெரிதாக மாறாது. முகூர்த்தமும் ஓணமும் விலையை ஏற்றும், இறக்கும். சந்தைப் பூவுக்கு வேலை இருக்கிறது. நாரில் கட்டக் காம்பு வேண்டும், சாயங்காலம் வரை வாடாமல் இருக்கவேண்டும். பத்துமணியோ வெயில் ஏறினால் விரிந்து மதியம் தாண்டியதும் சுருண்டுவிடும். அதை வைத்து மாலை கட்ட முடியாது. ஆகவே ‘இப்போ எந்தப் பூ ட்ரெண்டு’ என்ற கேள்வி முற்றத்துப் பூவுக்கு மட்டுமே பொருந்தும்.

இதுவரை சொன்னது: வீட்டுத் தோட்டக்காரர்கள் ட்ரெண்டைப் பின்பற்றுகிறார்களா என்றால், வாங்கும்போது கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். மூன்றாவது வருஷம் அதே செடி அங்கே நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று.

கொடியேற்றாமல் திருவிழா இல்லை

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்குப் பந்தல் போட்டாயிற்று, கடை வந்தாயிற்று, தேரும் தயார். ஆனாலும் கொடி ஏறினால்தான் விழா தொடக்கம். செடிக்கும் அப்படித்தான். உரம், தண்ணீர், மண் எல்லாம் பந்தலும் கடையும். ‘இனி இலையை விட்டு மொட்டுக்குப் போ’ என்று செடியின் முனைக்கு ஒரு சைகை வரவேண்டும். அந்தச் சைகையைக் கொடுக்கும் வெளிக்காரணத்தைப் பூக்கும் தூண்டல் என்போம்.

செம்பருத்தி, தெச்சி, நந்தியாவட்டை போன்றவற்றுக்குத் தனியாகக் கொடியேற்று வேண்டாம். வயது வந்து வெயிலும் கிடைத்தால் பூக்கும். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் செடிகளில் பல இந்த ரகம்தான். வெளியிலிருந்து வரும் ட்ரெண்டுச் செடிகளில் பல வேறு ரகம். ஒன்றுக்கு நீண்ட இரவு, இன்னொன்றுக்குக் குளிர், மற்றொன்றுக்கு வறட்சி. சைகை வராத இடத்தில் எவ்வளவு பிண்ணாக்கு போட்டாலும் இலைதான் கொழுக்கும்.

இரவை அளக்கும் செடி

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மாவட்டம் முழுக்க விற்கும் பாயின்செட்டியாவை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ செடி. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட்டின் பேர் ஒட்டிக்கொண்டது. சிவப்பாக இருப்பது பூ அல்ல, இலை. பூவை ஒட்டி நிறம் மாறும் இப்படிப்பட்ட இலைக்குப் பூவடி இலை என்று பேர். உண்மையான பூ நடுவில் மஞ்சள் கிண்ணம் மாதிரி சின்னதாக இருக்கும்.

டிசம்பரில் வாங்கிய செடி அடுத்த டிசம்பரில் பச்சையாகவே நிற்பதுதான் இதில் பொதுவான புகார். காரணம் பெரும்பாலும் வாசலில் இருக்கிறது. 1920-இல் கார்னர், ஆலார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலைச் செடியை வைத்து, பகல் நீளத்தைப் பார்த்துத்தான் அது பூக்கிறது என்று காட்டினார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்று தெளிந்தது. இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல மெல்ல இன்னொரு வடிவம். செடிக்குள் ஓடும் ஒரு கடிகாரம் இதை வைத்து இருட்டின் நீளத்தைக் கணக்கிடுகிறது. நடுராத்திரியில் சில நிமிஷம் விளக்கு எரிந்தாலும் கணக்கு கலைந்துவிடும். செடிக்கு அது ஒரு நீண்ட இரவாகத் தெரியாது, இரண்டு குட்டி இரவாகத் தெரியும்.

நாம் 8 பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால் வருஷத்தின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 35 நிமிஷம், மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 40 நிமிஷம். மொத்த வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குள். ஐரோப்பாவில் பல மணி நேரம் கூடிக் குறையும் பகலை நம்பி வாழும் செடிக்கு நம் ஊர் ஒரே மாதிரியாகத் தெரியும். பாயின்செட்டியாவுக்கோ இந்தச் சின்ன வித்தியாசம் போதும், அக்டோபரிலிருந்து இரவு அதற்குத் தேவையான நீளத்தைத் தொட்டுவிடுகிறது. ஆனால் மயிரிழையில்தான் தொடுகிறது. அதனால்தான் போர்டிகோ பல்பும் தெருவிளக்கும் இவ்வளவு கெடுக்கின்றன.

செய்யவேண்டியது இது. ஆகஸ்ட் கடைசிக்குள் கிளை நுனிகளைக் கிள்ளி முடித்துவிட வேண்டும். நிறம் நுனியில்தான் வரும், அதற்குமேல் கிள்ளினால் சிவப்பையே கிள்ளுகிறோம். கிள்ளும்போது வடியும் பால் தோலில் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து ராத்திரி எந்த பல்பு வெளிச்சமும் விழாத பின்முற்றத்தில் தொட்டியை வைக்கவேண்டும். பகலில் ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம். இருட்டான இடமே இல்லையென்றால் மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலை 7 மணிக்கு எடுக்கலாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே புழுங்கும். இரவுச் சூடும் நிறத்தைத் தாமதப்படுத்தும் என்பதால் சூடேறிய மொட்டைமாடியைவிட மரத்தடி முற்றம் நல்லது. எட்டு முதல் பத்து வாரம். ஒரு நாள் பெட்டியை மறந்தால் குடி முழுகாது, வாரத்தில் இரண்டு நாள் மறந்தால் ஜனவரியில்தான் சிவக்கும்.

சிவந்தியும் நீண்ட இரவுக்குப் பூக்கும் செடிதான், ஆனால் அதன் பிரச்சினை தலைகீழ். அதன் கணக்கில் நம் இரவு வருஷம் முழுக்கவே நீளம். செடி ஒரு சாண் வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும். வணிகமாக வளர்ப்பவர்கள் முதல் சில வாரம் ராத்திரியில் விளக்குப் போட்டு வளர்ச்சியை நீட்டிப்பது இதற்காகத்தான். வீட்டில் நட்ட சிவந்தி குட்டையாகவே பூத்தால் உரக்குறை என்று நினைக்கவேண்டாம்.

குளிர் கேட்கும் பூக்கள்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஹைட்ரேஞ்சா மொட்டு உருவாக 18 டிகிரிக்குக் கீழே பல வாரம் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரமாகவே பூக்கிற செடி கடலோரக் குளச்சலில் பூக்காது. நம் ஊர்ச் சரல் மண் (சரளைக்கல் கலந்த மண்) புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண், அதில் ஹைட்ரேஞ்சா நீலமாகப் பூக்கும் என்று சொல்வார்கள். நிறத்தைப் பற்றிய அந்தக் கணக்கு சரி. பூத்தால்தானே நிறம்!

துலிப் கிழங்குக்கு 5 முதல் 9 டிகிரியில் 12 வாரத்துக்குக் குறையாத குளிர் வேண்டும். ‘குளிரூட்டிய கிழங்கு’ என்று ஆன்லைனில் வருவது அந்தக் குளிரை ஏற்கெனவே வாங்கிய கிழங்கு. வந்ததும் நட்டால் ஒருமுறை பூக்கலாம். அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் வைப்பதானால் ஆப்பிள், வாழைப்பழத்தோடு வைக்கக்கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். ஒரு பூவுக்காக மூன்று மாதம் ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்குவது தேவையா என்பதை வீட்டில் கலந்து பேசிக்கொள்ளுங்கள்.

தாகத்தில் பூக்கும் காகிதப்பூ

காகிதப்பூவின் நிறமும் பூவடி இலைதான், நடுவில் வெள்ளையாகக் குச்சி போல நிற்பதே பூ. இதற்குக் கொடியேற்று வறட்சி. தண்ணீர் குறையும்போது இலை வளர்ச்சி நின்று செடி பூவுக்குத் திரும்புகிறது. இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம், ஒருமுறை பஸ்ஸில் போனால் போதும். மழை குறைந்த ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கம் மதிலுக்கு மேல் கொட்டிக் கிடக்கும் அதே செடி, குலசேகரம், திருவட்டாறு பக்கம் பச்சைப் புதராக ஏறி நிற்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வாங்கும் மாவட்டம் நமது. மேற்கே போகப்போகச் செடிக்குத் தாகம் எடுக்க நேரமே கிடைப்பதில்லை.

மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு வழி தொட்டிதான். 12 அங்குலத் தொட்டி போதும். வேர் நெருக்கமாக இருந்தால் நல்லது, பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்படவேண்டாம். டிசம்பர் கடைசியில் மழை விட்டதும் தண்ணீரை நிறுத்துங்கள். இலை நுனி தொங்க ஆரம்பிக்கும் நாளில் அரைக் குவளை, மறுபடி தொங்கும்போது அரைக் குவளை. இப்படி இரண்டு மூன்று வாரம். கணுக்களில் சின்னச் சின்ன நிறப்புள்ளி தெரிந்ததும் வழக்கமான தண்ணீருக்குத் திரும்பலாம். இந்தச் சமயத்தில் பிண்ணாக்கும் யூரியாவும் தொடவே கூடாது. தழைச்சத்து ஏறினால் பட்ட பாடெல்லாம் இலையாகப் போகும். நிறம் உதிர்ந்த பிறகு கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் புதுத் தளிரில் அடுத்த சுற்று வரும்.

சுருக்கமாக, பாயின்செட்டியாவுக்கு இருட்டு, துலிப்புக்குக் குளிர், காகிதப்பூவுக்குத் தாகம். புதுச் செடி எதுவானாலும் “இது எதைப் பார்த்துப் பூக்கும்?” என்று நர்சரியில் முதலில் கேளுங்கள். விலையை அப்புறம் கேட்கலாம்.

அப்படியானால் நர்சரியில் மட்டும் எப்படிப் பூத்தது?

அங்கே பூக்கவில்லை, பூத்து வந்தது. ஓசூர், பெங்களூரு, புனே பக்கத்துப் பசுமைக்குடில்களில் வெளிச்சம், வெப்பம், தண்ணீர் மூன்றையும் கட்டுப்படுத்தி, விற்கும் வாரத்துக்குப் பூ விரியும்படி செடியைத் தயார் செய்கிறார்கள். பல செடிகளுக்கு வளர்ச்சி ஒடுக்கி மருந்தும் உண்டு. அது தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் ரசாயனம், மாந்தோப்புகளில் பயன்படும் பாக்லோபியூட்ரசால் அந்த வகை. அதனால்தான் செடி குண்டாக, நெருக்கமாக, தொட்டியளவாக இருக்கிறது. சில மாதத்தில் மருந்தின் வேகம் இறங்கியதும் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு செடி ஒல்லியாக ஓடும். வீட்டில் கவனிப்பு குறைந்ததால் வந்தது என்று நினைப்போம், உண்மையில் அதுதான் அதன் சொந்த உருவம்.

இன்னொன்று மண். கவரைப் பிரித்தால் வேரைச் சுற்றி வெறும் தென்னைநார்த் தூள்தான் இருக்கும். அந்தக் கட்டியை அப்படியே சரல் மண்ணில் வைத்தால் இரண்டும் ஒட்டாது. வெயிலில் தூள் முழுதாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். மண் ஈரம், வேர் காய்ச்சல். மழைக்காலத்தில் நேர்மாறு, தூள் தண்ணீரைப் பிடித்து வைத்து வேரை அழுகவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நடவேண்டாம். பத்து நாள் அரைநிழலில் வைத்து, பிறகு மாற்றுங்கள். கவரைப் பிரித்து, தென்னைநார்க் கட்டியை வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் நனையவிட்டு, ஓரத்துத் தூளை விரலால் உதிர்த்து, சுற்றிச் சுற்றி ஓடும் வேரைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணிப்பொடி ஒரு பங்கு, தென்னைநார்த் தூளும் மணலும் சேர்ந்து ஒரு பங்கு. ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. விரிந்த பூவையெல்லாம் கிள்ளி எறிவதுதான் பலருக்கும் மனம் வராத வேலை. எறிந்தால்தான் செடி வேர் பிடிக்கும்.

மழைக்கு முன்னால் நிற்குமா?

வாங்குவதற்கு முன் கேட்க மறக்கும் கேள்வி இது. ஜூனில் தொடங்கும் மழையும் அக்டோபர் மழையும்தான் இந்த மாவட்டத்தில் ட்ரெண்டுச் செடிகளுக்குப் பரீட்சை.

அடினியம் அடிப்பெருத்த தண்டில் தண்ணீரைச் சேமிக்கும் வறண்ட நிலச் செடி. நாம் வாங்கும் அடுக்கு இதழ் ரகங்கள் ஒட்டுச் செடிகள். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் மேலே உள்ள ரகம் மெலிந்துபோய்ச் சாதாரண ஒற்றை இதழ்ப் பூதான் மிஞ்சும். மண்ணில் பாதிக்கு மேல் செங்கல் சல்லியும் கரித்துண்டும் இருக்கட்டும். ஜூன் வந்ததும் வெயில் விழும் சன்ஷேடு அடியில் தூக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை அடித்தண்டைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் போல இருந்தால் நலம். ஓர் இடம் அமுங்கினால் அங்கே அழுகல் தொடங்கிவிட்டது. உடனே பிடுங்கி, அழுகிய பாகத்தை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, சாம்பலோ பூஞ்சைக்கொல்லிப் பொடியோ தடவி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து மறுபடி நட்டால் பெரும்பாலும் பிழைக்கும். அமுங்கியது வெறும் தாகமாகவும் இருக்கலாம். மண் காய்ந்திருந்து தண்டு முழுக்க ஒரே மாதிரி தளர்ந்திருந்தால் தண்ணீர்தான் மருந்து.

பத்துமணி மழையில் கொழகொழத்துப் போகும், அதைக் காப்பாற்றப் பாடுபட வேண்டியதில்லை. மே மாதமே நிறத்துக்கு நாலு கம்பு, நாலு விரல் நீளத்தில் வெட்டி, கீழ் இலையை உதிர்த்து, ஒரு சின்னத் தொட்டியில் குத்தி மழை படாத வெளிச்சத்தில் வைத்தால் போதும். அடுக்குப் பத்துமணியின் விதையை நம்பாதீர்கள், வந்தாலும் தாய்போல் வராது.

விதை என்றதும் ஆன்லைனில் விற்கும் நீல ரோஜா விதை ஞாபகம் வருகிறது. ரோஜாவில் நீல நிறமியை உண்டாக்கும் மரபணு இயற்கையாகக் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைச் சேர்த்து உண்டாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல’ ரோஜாகூடக் கத்தரிப்பூ நிறம்தான். போட்டோவில் மை மாதிரி நீலமாக இருந்தால் அது சாயம், இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேலை.

வேலியிலிருந்து திரும்பி வந்தது

ஃபேஷன் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. சங்குப்பூ, பழைய ஆட்கள் சொல்லும் காக்கட்டான், வேலியில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடந்த கொடி. அந்தப் பூவில் போடும் நீலத் தேநீர் பேர் வாங்கியதும் அடுக்குச் சங்குப்பூ நாற்றை நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த ட்ரெண்டைத் தாராளமாகப் பின்பற்றலாம். இரவு நீளம், குளிர், தாகம் எதையும் அது கேட்பதில்லை, சரல் மண்ணே போதும். ஒரே தொல்லை விதையின் கெட்டித்தோல். முந்திய நாள் ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் உப்பாத விதைகளை மட்டும் எடுத்து, சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவிடுங்கள். அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். படர ஒரு கம்பிவலையோ கொய்யா மிலாறோ பக்கத்தில் ஊன்றிவிடுங்கள்.